போனஸ் பணத்தில் விறகு பிளக்கும் மெஷின்: அப்பாவின் டிராக்டரும் 2.5 லட்ச ரூபாய் கணக்கும்

"அண்ணே, ஊர்ல அப்பாகிட்ட 45 ஹெச்பி டிராக்டர் இருக்கு. உழவு சீசன் முடிஞ்சா சும்மாதான் நிக்குது. எனக்கு இந்த வருஷம் போனஸ் வருது. டிராக்டர்ல மாட்டி விறகு பிளக்குற ஹைட்ராலிக் மெஷின் ஒண்ணு வாங்கிக் கொடுத்தா மாசம் 30 ஆயிரம் கையில நிக்கும்னு ஒரு ரீல்ஸ்ல சொன்னாங்க. 20 டன் மெஷின் வாங்கவா, 30 டன் வாங்கவா?"

சென்னையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி நம்ம சேனலுக்கு அனுப்பிய கேள்வி இது. சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி பக்கம். வீடியோவில் சுருக்கமாகத்தான் பதில் சொன்னேன். கணக்கை முழுசா எழுதச் சொல்லி நிறைய பேர் கேட்டதால் இந்தப் பதிவு. மெஷின் 2.5 லட்சம்னு வைச்சுக்கலாம். போனஸ் போதாத மிச்சத்துக்கு பர்சனல் லோன் எடுப்பதாக அவர் திட்டம்.

20 டன்னா 30 டன்னா என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி இருக்கு. பிளக்க வேண்டிய கட்டை உங்க ஊரில் எவ்வளவு கிடைக்குது? பிளந்து கொடுத்தா ஒரு டன்னுக்கு எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும்?

எல்லா விறகையும் பிளக்க வேண்டியதில்லை

ரீல்ஸில் காட்டுவது பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க வீடியோக்கள். அங்கே குளிர்காலத்துக்கு வீட்டைச் சூடாக்க விறகு வேணும். ஓக், பீச் மாதிரி பெரிய மரத்தைத் துண்டு போட்டு, பிளந்து, ஒரு வருஷம் காயவைத்து விற்கிறார்கள். அதுக்கு அங்கே ஒரு பெரிய சந்தையே இருக்கு.

நம்ம ஊர் விறகு வேற மாதிரி. சவுக்கு நாலஞ்சு வருஷத்தில் வெட்டிடுவாங்க. கையளவு, தொடையளவு கட்டைதான். துண்டு போட்டா போதும், அப்படியே அடுப்புக்குப் போகும். சீமைக் கருவேலம் ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் பெரும்பாலும் கரிமூட்டத்துக்குப் போகுது. தைலமரத்தில் நல்ல கட்டை காகித ஆலைக்கு லோடு ஏறிடும். இந்த மூணிலும் ஸ்பிளிட்டருக்குப் பெருசா வேலை கிடையாது.

மெஷினுக்கு வேலை கொடுப்பது புளி, வேம்பு, மா, பலா, வாகை, தூங்குமூஞ்சி, வயசான முந்திரி இதுகளோட அடிக்கட்டையும் தூரும்தான். அதிலும் நேரான, நல்ல கட்டை சாமில்லுக்குப் போயிடும். மிஞ்சுவது கணு விழுந்தது, முறுக்கினது, கோடாலிக்காரர் பார்த்துட்டு "இது நமக்கு ஆகாது தம்பி"ன்னு ஒதுக்கி வைச்சது. ஸ்பிளிட்டரோட உண்மையான சந்தை அந்த ஒதுக்கிவைத்த குவியல்தான்.

இன்னொண்ணு. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடிச்சப்ப ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தோப்பு தோப்பா மரம் சாய்ஞ்சது. அந்த மாதிரி நேரத்தில் மெஷின் வைச்சிருந்தா பகல் ராத்திரி வேலை இருக்கும், வாஸ்தவம். ஆனா எல்லார் வீட்டு வாசலிலும் விறகு கிடக்கும்போது அதை வாங்க யார் இருக்கா? அதுவும் இல்லாம, 30 வருஷத்து மரம் விழுந்தா அந்த இடத்தில் மறுபடி அடிக்கட்டை வர 30 வருஷம் ஆகும். புயல் வருஷத்து வரும்படியை வைச்சு 7 வருஷ மெஷினுக்குக் கணக்கு போடக் கூடாது.

வாங்குறவங்களையும் பாருங்க. செங்கல் சூளைக்குப் பெரிய கட்டையே போதும், பிளந்து கொடுத்தா கூடுதல் விலை தரமாட்டாங்க. பாய்லர் வைச்சிருக்கிற ஆலை, அடுப்பு வாய்க்குள் நுழைந்தா சரின்னு சொல்லும். கல்யாண சமையல் கான்ட்ராக்டர், விறகடுப்பு பிரியாணிக் கடை, பழைய மாதிரி விறகு அடுப்பில் பன் போடுற பேக்கரி, இவங்களுக்குத்தான் கைக்கு அடக்கமா, காய்ஞ்சு, ஒரே அளவில் வேணும். உங்க ஊரைச் சுத்தி 20 கிலோமீட்டரில் இப்படிப் பட்டவங்க எத்தனை பேர்னு விரல் விட்டு எண்ணிடலாம். எண்ணுங்க.

காய்ஞ்சா எடை போயிடும்

பிளந்த விறகு சீக்கிரம் காயும். மரத்துக்குள் தண்ணி நார் போகும் திசையில்தான் ஓடும், பட்டை வழியா அவ்வளவு லேசில் வெளியேறாது. பிளந்தா உள்பக்கம் காத்துக்கும் வெயிலுக்கும் திறந்துக்குது. வாங்குறவருக்கு இது லாபம்: புகை குறையும், சூடு கூடும். விற்கிற உங்களுக்கு?

நம்ம ஊரில் விறகு எடைக்குத்தான் விற்குது. 1,000 கிலோ பச்சை விறகில் 45 சதவீதம் ஈரம் இருந்தா, உண்மையான மரம் 550 கிலோ. அது 20 சதவீத ஈரத்துக்குக் காய்ஞ்சா மொத்த எடை 687 கிலோதான். 313 கிலோ ஆவியாப் போச்சு. பச்சை விறகு டன் 3,000 ரூபாய்க்குப் போகுதுன்னா, காய்ஞ்ச விறகு டன் 4,365 ரூபாய்க்கு விற்றால்தான் நீங்க அதே இடத்தில் நிற்பீங்க. பிளக்கிற செலவு, அடுக்கி வைக்கிற கூலி, மழைக்குத் தார்ப்பாய் எல்லாம் இதுக்கு மேல.

பிளந்து, காயவைச்சு நல்ல விறகா விற்கிற ஐடியா தப்பில்லை. ஆனா காய்ஞ்ச விறகுக்குத் தனி விலை தர்ற ஆளைப் பிடிச்சுட்டு மெஷின் வாங்கணும். வாங்கிட்டு ஆளைத் தேடக் கூடாது.

டன் கணக்கு காட்டி ஏமாத்துவாங்க

சரி, வேலை இருக்கு, வாங்குற ஆளும் இருக்காங்கன்னு வைப்போம். இப்ப மெஷினைப் பார்க்கலாம். இந்தப் பகுதி கொஞ்சம் நீளம், ஏன்னா இங்கேதான் பணம் வீணாகுது.

ஹைட்ராலிக் மெஷினோட தள்ளும் சக்தி ரெண்டு விஷயத்தால் வருது: சிலிண்டரோட உள்விட்டம், ஆயில் அழுத்தம். 100 மி.மீ. சிலிண்டருக்குப் பரப்பு 78.5 சதுர செ.மீ. அழுத்தம் 180 கிலோ என்றால் 78.5 பெருக்கல் 180, அதாவது 14 டன். 125 மி.மீ. சிலிண்டர்னா அதே அழுத்தத்தில் 22 டன். இப்ப 100 மி.மீ. சிலிண்டரைக் காட்டி "30 டன் சார்"னு ஒருத்தர் சொன்னா, அழுத்தம் 380 கிலோவைத் தாண்டணும். சாதாரண கியர் பம்ப் அந்த அழுத்தத்தில் வேலை செய்யாது. அதனால் டன் கேட்காதீங்க, சிலிண்டர் விட்டமும் ரிலீஃப் வால்வு எத்தனை கிலோவில் செட் பண்ணியிருக்குன்னும் கேளுங்க. போனில் கால்குலேட்டர் இருக்கு, கடையிலேயே போட்டுப் பாருங்க. விற்கிறவர் முகமே பதில் சொல்லிடும்.

அடுத்தது வேகம். வேகத்தை டன் தீர்மானிக்காது, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் ஓடுது என்பதுதான் தீர்மானிக்கும். 100 மி.மீ. சிலிண்டர், 600 மி.மீ. நீளம் தள்ளணும்னா 4.7 லிட்டர் ஆயில் உள்ளே போகணும். டிராக்டரோட சொந்த ஹைட்ராலிக்கில் இருந்து பைப் எடுத்தா நிமிஷத்துக்கு 20 லிட்டர் அளவில் வரும். தள்ள 14 விநாடி, திரும்பி வர 11 விநாடி, மொத்தம் 25. இதே டிராக்டரின் பிடிஓ ஷாஃப்டில் கியர்பாக்ஸ் வைத்துத் தனி பம்ப் ஓட்டி, நிமிஷத்துக்கு 48 லிட்டர் எடுத்தா மொத்தம் 10, 11 விநாடியில் முடிஞ்சிடும். அதுக்கு பிடிஓவில் 22 ஹெச்பி அளவு வேணும். 45 ஹெச்பி டிராக்டர் தாராளமா இழுக்கும். சிலிண்டர் பெருசானா சக்தி கூடும், வேகம் குறையும். 125 மி.மீ.க்குப் போனா ஒரு தள்ளுக்கு 7.4 லிட்டர் வேணும். பம்பை மாத்தாம சிலிண்டரை மட்டும் பெருசாக்கிக் கொடுக்கிற மெஷின் நிதானமா நகர்றதைப் பார்த்துட்டு நிக்க வேண்டியதுதான்.

டிராக்டர் ஹைட்ராலிக்கில் ஓடுற மாடல் விலை குறைவு. ஆனா ரெண்டு விஷயம் பார்க்கணும். டிப்பர் டிரெய்லருக்கு ஏற்கெனவே பைப் எடுத்திருக்கோம், அதிலேயே மாட்டிக்கலாம்னு சொல்வாங்க. டிப்பர் தன் எடையிலேயே கீழே இறங்கிடும், அதுக்கு ஒரு பைப் போதும். ஸ்பிளிட்டர் பிஸ்டன் தானா திரும்பாது. போக ஒண்ணு, வர ஒண்ணுன்னு ரெண்டு பைப்பும் அதுக்கேத்த வால்வும் வேணும். ரெண்டாவது, நிறைய டிராக்டர்களில் கியர்பாக்ஸ் ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் ஒண்ணுதான். மரத்தூளும் மண்ணும் கப்ளிங் வழியா உள்ளே போனா, கெடுவது 2 லட்ச ரூபாய் மெஷின் இல்லை, அப்பாவோட டிராக்டர்.

தனி பம்ப் வாங்கினா டேங்க் அளவைப் பாருங்க. 48 லிட்டர் பம்புக்கு 20 லிட்டர் டேங்க் வைச்சுக் கொடுத்தா, சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் ஆயில் கொதிக்கும், சீல் போகும். குறைஞ்சது 50 லிட்டராவது இருக்கட்டும்.

இப்ப எனக்கே ஆச்சரியமா இருந்த கணக்கு. ஸ்பீடு மெஷின் ரெண்டு மடங்குக்கு மேல வேகம், ஆனா வேலை ரெண்டு மடங்கு நடக்குமா? கட்டையை நகர்த்தி, திருப்பி வைக்க ஒவ்வொரு தள்ளுக்கும் 20 விநாடி ஆகும்னு வைங்க. மெதுவான மெஷினில் 45 விநாடி, வேகமானதில் 31 விநாடி. ஒன்றரை மடங்குகூட இல்லை. மீதி நேரம் ஆளோட இடுப்பில் இருக்கு. 40 செ.மீ. விட்டம், 45 செ.மீ. நீளமுள்ள பச்சைக் கட்டை 55 கிலோவைத் தாண்டும். இதைத் தூக்கி மேசை உயரத்தில் வைக்கிற படுக்கை மாடல் வாங்கினா, மதியத்துக்கு மேல யாரும் வேலை செய்ய மாட்டாங்க. கட்டையைத் தரையில் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினா ஆப்பு மேலேயிருந்து இறங்குற நிற்கும் மாடல்தான் நம்ம தடிமனுக்குச் சரி. என் ஓட்டு அதுக்குத்தான், 10 ஆயிரம் கூட ஆனாலும்.

அப்பா வேட்டியோடவா டிராக்டர் ஓட்டுறார்?

இந்தக் கேள்வியைத் தம்பிகிட்ட கேட்டப்ப கொஞ்ச நேரம் பதிலே வரல. பிடிஓ ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 540 சுத்து. அதாவது ஒரு விநாடிக்கு 9. வேட்டி நுனியோ தோள் துண்டோ மாட்டினா, "ஐயோ"ன்னு கத்துறதுக்குள் ஒன்பது சுத்து சுத்திடும். ஷாஃப்டுக்கு மேல பிளாஸ்டிக் கவர் இல்லாம டெலிவரி கொடுத்தா மெஷினை இறக்கவே விடாதீங்க. அதைப் பெரும்பாலும் கழட்டி வீசுறது நாமதான் என்பதும் தெரியும்.

ஆப்பு வகையில், ஒரு கை லீவரில், இன்னொரு கை கட்டையைப் பிடிச்சபடி வேலை செய்வதுதான் விரல் போகும் வழி. ஐரோப்பாவில் இதுக்கு இஎன் 609-1 என்று தனித் தரவிதியே இருக்கு. ரெண்டு கையும் கன்ட்ரோலில் இருந்தால்தான் ஆப்பு நகரணும், கையை எடுத்தா நின்னுடணும். இங்கே விற்கிற பல மெஷினில் ஒத்தை லீவர்தான். ரெட்டை லீவர் கேட்டு வாங்குங்க. ஒருத்தர் லீவர், இன்னொருத்தர் கட்டைன்னு பிரிச்சு வேலை செய்றது இன்னும் ஆபத்து, ஒருத்தர் கை எங்கே இருக்குன்னு மத்தவருக்குத் தெரியாது. பைப்பில் ஆயில் கசியுதான்னு கையால் தடவிப் பார்க்கவே கூடாது, அந்த அழுத்தத்தில் ஊசி மாதிரி தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். அட்டைத் துண்டை வைச்சுப் பாருங்க.

பிடிஓவில் நேரடியா மாட்டுற கூம்பு ஸ்க்ரூ மெஷின் ஒண்ணு மலிவா கிடைக்கும், ரீல்ஸில் ஜாலியா இருக்கும். அது கட்டையைப் பிடிச்சா விடாது, கட்டையோடு சேர்த்து ஆளையும் இழுக்கும். வேண்டவே வேண்டாம்.

இப்ப பணக் கணக்கு

வாடகைக்கு ஓட்டினா மணிக்கு 1,000 ரூபாய் வாங்கறோம்னு வைப்போம். டீசல் 4 லிட்டர், 93 ரூபாய் வீதம் 372. ஆள் ரெண்டு பேர், மணிக்கு 200. டிராக்டர் தேய்மானம், ஆயில், பைப் எல்லாம் 130. சுமார் 700 செலவு, 300 மிச்சம். உங்க ஊர் எண்ணை நீங்க போட்டுக்கோங்க.

2.5 லட்சம் திரும்ப வர 833 மணி நேரம் ஓடணும். மொத்தத் தொகையையும் 14 சதவீத வட்டியில் 3 வருஷ பர்சனல் லோனாக எடுத்தால் இஎம்ஐ 8,544 ரூபாய், வருஷத்துக்கு 1,02,528. அதைக் கட்டவே வருஷத்துக்கு 342 மணி நேரம், தினம் 6 மணி நேரம் வீதம் 57 நாள் வேலை வேணும். அதுவரைக்கும் அப்பா கையில் ஒரு ரூபாய் நிக்காது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, அப்ப யாரும் விறகு பிளக்க மாட்டாங்க. நடவு, அறுவடை நேரத்தில் டிராக்டரும் சும்மா நிக்காது, ஆளும் கிடைக்காது. ரீல்ஸ் சொன்ன மாசம் 30 ஆயிரம் வேணும்னா மாசத்துக்கு 100 மணி நேரம், வருஷம் பூரா.

வாடகை கொடுக்கிறவர் பக்கமும் நின்னு பாருங்க. முன்னாடி சொன்ன 31 விநாடிக் கணக்கில், ஒரு கட்டைக்கு 6 தள்ளு என்று எடுத்து, இடைவேளையெல்லாம் கழிச்சா மணிக்கு 750 கிலோ பிளக்கலாம். அப்ப ஒரு டன் பிளக்க அவருக்கு 1,333 ரூபாய் செலவு. பிளக்காத தூருக்கும் பிளந்த விறகுக்கும் டன்னுக்கு 1,300 ரூபாய்க்கு மேல வித்தியாசம் இல்லேன்னா அவர் ஏன் உங்களைக் கூப்பிடணும்? விறகுக் கடைக்காரர் ரெண்டு பேர்கிட்ட இந்த ஒரு எண்ணை மட்டும் கேட்டா போதும், பாதி முடிவு வந்துடும்.

காகித விஷயங்களைச் சுருக்கமா சொல்லிடறேன். வாடகைக்கு விறகு பிளந்து சம்பாதிப்பது விவசாய வருமானம் கிடையாது, பிசினஸ் வருமானம். உங்க பேரில் வந்தா ஐடிஆர்-1 போட முடியாது. நஷ்டம் வந்தா அதைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது. அப்பாவுக்குப் பணத்தை அன்பளிப்பா கொடுத்து அவர் பேரில் வாங்கினா வருமானம் அவரோடது, அந்த அன்பளிப்புக்கு வரி இல்லை. விவசாயத்துக்குன்னு பதிவான டிராக்டரை வாடகைத் தொழிலுக்கு ஓட்டும்போது விபத்து நடந்தா இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க வாய்ப்பு இருக்கு; பாலிசியை எடுத்துப் படிங்க. மானியம் உண்டுன்னு கடைக்காரர் சொன்னா வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிச்சு, அனுமதி வந்த பிறகு பில் போடுங்க. புறம்போக்கு மரம்னா ஏல ரசீது இல்லாம தொடாதீங்க. நீலகிரி, கொடைக்கானல் பக்கத்து நண்பர்களுக்கு, சொந்தப் பட்டா மரமானாலும் 1955-ம் வருஷ மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கணும்.

யாருக்கு இது சரிவரும்? ஏற்கெனவே விறகுக் கடை வைச்சு, பின்னாடி அடிக்கட்டை மலை மாதிரி குவிஞ்சு, பிரியாணிக் கடை ஆர்டரும் இருக்கிறவருக்கு. அவருக்குக் கடன் இல்லாம வாங்க முடிஞ்சா இன்னும் நல்லது. இல்லேன்னா டிராக்டர்காரங்க மூணு பேர் கூட்டாப் பணம் போட்டு ஒண்ணு வாங்கலாம், யார் ஓட்டினாங்கன்னு மணிக் கணக்கு எழுதி வைச்சா சண்டை வராது.

தம்பிகிட்ட நான் ஒரே ஒரு வேலைதான் கொடுத்தேன். தை, மாசி, பங்குனி மூணு மாசம் அப்பாவை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்க: "இன்னைக்கு மெஷின் இருந்திருந்தா யார் கூப்பிட்டிருப்பாங்க, எத்தனை மணி நேரம்?" மழை இல்லாத, கல்யாணம் நிறைஞ்ச மாசங்கள், இருக்கிறதிலேயே நல்ல சீசன். முதல் வாரம் அப்பா சிரிச்சாராம். பிறகு எழுத ஆரம்பிச்சுட்டார். மூணு மாசத்தில் 41 மணி நேரம். அதில் 18 மணி நேரம் ஒரே ஆள், பழைய மாந்தோப்பை அழிச்சு வேற கன்று வைக்கிறவர்.

நோட்டை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். கடைசிப் பக்கத்தில் அப்பா கையெழுத்தில், யாரும் கேட்காமலே ஒரு வரி: "டிராக்டர் பின் டயர் ரெண்டும் வழுக்கை ஆயிடுச்சு. போனஸ் வந்தா அதைப் பாரு."